ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஒட்டிலி

ஒட்டிலி ரீடல் எங்கள் பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டது. கனத்த அடிநாதம் தரும் பேஸ் கிட்டாரின் கழுத்தில், சுரம் பிரிக்கக் குறுக்கே ஓடும் மெட்டுக் கம்பிகள் பதிக்கும் வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் செய்து முடித்த கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டிச் சோதிக்கப் போகிறார்கள் என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவாள். மழை பெய்தாலும் அங்கேதான் நிற்பாள். வர்ணம் அடிக்கும் ஹெட்விக் ஒருநாள், “சத்தம் ஆகாதவளுக்குச் சர்ச்சுல மெழுகுவத்தி விக்கிற வேலை பாத்துக் குடுக்கலாமே” என்றாள். நான் அவளுக்கு அடுத்த மேஜை. காரணம் எனக்குத் தெரிவதற்கே வருஷக்கணக்கில் ஆனது. துண்டு துண்டாகத்தான் சொன்னாள். மிச்சத்தை அவள் அண்ணன் வென்ட்ஸெல் சொன்னான்.

நான் எங்கள் பட்டறை இருக்கும் பூபன்ரொய்ட்டிலேயே பிறந்தவள். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கும் பன்றியும்தான். போர் முடிந்து பொஹீமியாவிலிருந்து ஜெர்மானியரை விரட்டியபோது, ஷேன்பாக் என்ற ஊரே பெயர்ந்து வந்ததுபோல வயலின் செய்கிறவர்கள் எங்கள் ஊரில் வந்து இறங்கினார்கள். அந்த ஊர்க்காரன்தான் வென்ட்ஸெலும்; போர்க்கைதி முகாமிலிருந்து நேராக இங்கே வந்தவன். ஒட்டிலியும் அம்மாவும் வேறு பக்கம் போய்விட்டார்கள். ஷேன்பாக்கிலிருந்து மலையைத் தாண்டினால் மார்க்நொய்கிர்ஷன். அங்கேயும் வாத்தியம் செய்கிறவர்கள்தான், தெரிந்த முகங்கள்தான். ஒரு கைவண்டியில் அப்பாவின் உளிகளையும் இரண்டு தலையணைகளையும் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஜெர்மனி இரண்டாகி, அந்த ஊர் கிழக்கிலும் எங்கள் ஊர் மேற்கிலுமாகி, நடுவில் பின்னால் முள்வேலியும் கண்ணிவெடியும் வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவர்களுடைய அப்பா ஆள் உயர பேஸ் வயலின்கள் செய்தவர். பிள்ளைகள் இரண்டு பேரும், ஒருவர் மேற்கில் ஒருவர் கிழக்கில், கடைசியில் ஒரே வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். நடனக் குழுக்கள் தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸ் கேட்டன. முதலில் உள்ளே கூடான, வயலின் மாதிரி இடுப்பு வைத்த பேஸ்கள் போயின. பிறகு அமெரிக்கக்காரன் செய்கிறானே, கூடே இல்லாத கெட்டிக் கட்டையில், அந்த மாதிரி வேண்டும் என்றார்கள். இங்கே எங்கள் பட்டறை பழையது ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அங்கே அரசாங்கத் தொழிற்சாலையில் ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். கட்டையை அறுத்து, கழுத்தைத் திருகாணியால் பூட்டி, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளைத் தாங்களே சுற்றி, எப்படியோ ஒரு பேஸ் வந்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் அதைக் கதவுப் பலகை என்று சொல்லியிருப்பார் என்று வென்ட்ஸெல் சிரிப்பான்.

அறுபத்தைந்தின் இலையுதிர் காலத்தில் கிழக்கில் நிலைமை கெட்டது. மேற்கத்திய பாணியில் மின்சார கிட்டார் வாசிக்கும் பீட் இசைக் குழுக்களை அரசாங்கம் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தது. ப்ளவன் நகரத்தில் எக்கெஹார்ட் என்று ஒரு பையன், நெட்டையாக, காது மறைகிற முடியோடு இருப்பான். அவனுடைய பேஸுக்குக் கழுத்து செய்தவள் ஒட்டிலிதான். ஒரு மெட்டுக் கம்பி எழும்பிவிட்டது என்று சாக்கு வைத்துக்கொண்டு தொழிற்சாலையின் பழுதுபார்க்கும் ஜன்னலுக்கு அடிக்கடி வந்து பேசிக்கொண்டு நிற்பான். திடீரென்று வருவது நின்றுவிட்டது. தண்டனையாகப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்து வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒட்டிலியை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே சாம்பல் நிறக் கோட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் சொல்லவில்லை; ரகசியப் போலீஸ் என்று கேட்காமலே தெரிந்தது. காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். அவளுக்கு அந்தக் காப்பிதான் முதல் பயம் என்று சொல்வாள். உண்மையான காப்பி, கடையில் கிடைக்காத காப்பி.

“ரிப்பேருக்கு வர்ற பசங்க உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுவாங்களாமே,” என்றான் மூத்தவன்.

“மெட்டுக் கம்பி பத்திப் பேசுவாங்க.”

“வேற எதுவும் பேசுவாங்க இல்லையா? அதை எங்ககிட்ட வந்து சொன்னா போதும். பெரிய வேலை ஒண்ணும் இல்ல. உங்க அண்ணன் அந்தப் பக்கம் இருக்கார். அவருக்கு நீங்க லெட்டர் போடறீங்க, நாங்க ஏதாவது சொன்னோமா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வசந்த காலத்தில் லைப்சிக் பொருட்காட்சி முடிந்ததும் பதில் கேட்பதாகச் சொல்லி, எழுந்து கைகுலுக்கி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து அவள் தன் காதுகளைக் கண்டே பயந்தாள். ஜன்னலுக்கு எந்தப் பையன் வந்தாலும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, கிட்டாரை வாங்கிவைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். கேட்காமல் இருந்தால் சொல்லவும் ஒன்றும் இருக்காது அல்லவா? பையன்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். மாடிப்படியில் யாராவது ஏறினால், அந்தக் காலடி தன் கதவைத் தாண்டிப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். அம்மா படுக்கையில் இருந்தபடி, “யாருடி?” என்று கேட்பாள். “யாரும் இல்லம்மா” என்பாள். அந்தக் குளிர்காலத்தில் அம்மாவும் இறந்துபோனாள். அடக்கத்துக்கு வர வென்ட்ஸெலுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

பொருட்காட்சிக்கு அவளையே அனுப்பினார்கள். தொழிற்சாலையின் புதிய பேஸ்களை வரிசையாக வைத்த கடையில் நின்று, கேட்பவர்களுக்கு விளக்க வேண்டும். மேற்கிலிருந்தும் கடை போட அங்கே அனுமதி உண்டு; அதே மண்டபத்தின் மறுகோடியில் எங்கள் முதலாளியின் கடை இருந்தது. அதை நடத்த வந்தவன் வென்ட்ஸெல். இது தெரிந்ததும் ஒட்டிலி தனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வேறு ஆளே இல்லையா, ஏன் என்னை அனுப்பினார்கள்? அண்ணனோடு பேசுகிறேனா என்று பார்க்கவா? இல்லை, தற்செயலா? அவளுக்கு அது கடைசிவரை தெரியவே இல்லை.

ஒட்டிலி நின்ற கடைக்குப் பொறுப்பாளர் ஆர்னோ ட்ரெக்ஸ்லர். ஐம்பது வயசுக்காரர். வயிற்றுப் புண் காரணமாக எந்நேரமும் சாமந்திப்பூத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். யாரையும் கடிந்து பேசியறியாதவர். “மேற்குக் கடைக்காரங்ககூட மரியாதையா ஒரு வணக்கம், அதோட சரி” என்று மட்டும் அவளிடம் சொல்லிவைத்தார்.

வென்ட்ஸெல் வாடிக்கையாளர் மாதிரி வந்து நின்றான். பெர்லின் சுவர் எழுந்த பிறகு அவள் அவனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தலையில் பாதி முடியைக் காணோம். அவளைத் தெரியாதவன் போல ஒரு பேஸை எடுத்துத் தொடையில் சாய்த்து, கழுத்தின் நுனியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான்.

“கழுத்து யாரோட வேலை? வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கே.”

“வளைஞ்சது கழுத்து இல்ல, பாக்கறவரோட கண்ணு,” என்றாள் ஒட்டிலி. ஆர்னோ சிரித்துவிட்டு, தேநீருக்கு வெந்நீர் எடுத்துவரப் போனார்.

வென்ட்ஸெல் கம்பிகளைத் தட்டிக்கொண்டே தலை நிமிராமல் பேசினான். “அம்மா போயாச்சு. இனிமே உனக்கு இங்க என்ன இருக்கு?”

“வாயை மூடு. பாக்கறாங்க.”

“பாக்கட்டும். நான் சரக்கு பாக்கறேன். எங்க கடையில பெருசா ஒரு ஸ்பீக்கர் பெட்டி நிக்குதே, பாத்தியா? அதுல மேல இருக்கற ஸ்பீக்கர்தான் நிஜம். கீழ இருக்கறது வெறும் காகிதம். பின்னால நீ உக்கார இடம் விட்டுத்தான் செஞ்சேன்.”

ஒட்டிலி துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளவென்றிருந்த ஒரு பேஸைத் துடைத்தாள். துணி கம்பியில் மாட்டிக்கொண்டு ‘டொம்’ என்றது.

“உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, வென்ட்ஸெல்.”

“சின்ன வயசுல அப்பாவோட பேஸ் கூட்டுக்குள்ள போய் ஒளிஞ்சவதானே நீ?”

“அப்ப எனக்கு ஏழு வயசு.”

“இப்பவும் அவ்வளவுதான் இருக்க. கடைசி நாள் மூட்டை கட்டறப்ப வா. வரலைன்னா காலிப் பெட்டியா எல்லையைத் தாண்டி ஓட்டிட்டுப் போறேன்.”

ஆர்னோ கோப்பையோடு வருவதைப் பார்த்ததும், விலை அதிகம் என்று முணுமுணுத்துவிட்டு அவன் போய்விட்டான்.

மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று அவளுக்கு நினைவே இல்லை. மாட்டினால் தனக்குச் சிறை. அதைவிட அண்ணனுக்கும் சிறை. போகாவிட்டால் சாம்பல் கோட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் வேலை போகும். சரி என்றால், எக்கெஹார்டைப் போல இன்னும் எத்தனை பேர் சுரங்கத்துக்குப் போக வேண்டியிருக்கும்? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கதவு, அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆள் என்று தோன்றியது.

கடைசி நாள் மத்தியானம் மண்டபம் முழுக்க ஆணி பிடுங்கும் சத்தம். ஆர்னோ, கயிறு தீர்ந்துவிட்டது, எங்கேயாவது கேட்டு வாங்கி வா என்று அவளை அனுப்பினார். அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கயிறு வாங்கப் போகிறவளுக்குக் கோட்டு எதற்கு என்று அவர் கேட்பாரோ என்று ஒரு நொடி உயிர் போனது. அவர் கேட்கவில்லை. கட்டைகளும் வைக்கோலும் கிடந்த நடையில் நடந்து, எங்கள் கடையின் திரைக்குப் பின்னால் போனாள். அங்கே வென்ட்ஸெல் திருப்புளியோடு நின்றான். பெட்டியின் முதுகுப் பலகை திறந்திருந்தது. அவள் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். அவன் பலகையை வைத்துத் திருகாணிகளை முடுக்கினான். ஒவ்வொரு திருகாணியும் ஏறும்போது மரம் கிறீச்சிட்டது. அப்போதுதான் அவளுக்கு முதல் தடவையாகக் கத்த வேண்டும் போல வந்தது. முழங்காலைக் கடித்துக்கொண்டாள்.

உள்ளே பசை நாற்றம். முகத்துக்கு ஒரு சாண் முன்னால் மேல் ஸ்பீக்கரின் இரும்புச் சட்டமும் காந்தமும். கீழே பொய் ஸ்பீக்கரின் காகிதத்தின் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். சுமையாட்கள் பெட்டியைத் தூக்கியபோது ஒருவன், “உள்ள என்ன, இரும்பா வச்சிருக்கீங்க?” என்று கேட்டான். பேஸுக்குப் பெரிய காந்தம் வேண்டும் என்று வென்ட்ஸெல் சொல்வது கேட்டது. வேனின் கதவு சாத்தப்பட்டதும் அந்தக் கொஞ்ச வெளிச்சமும் போயிற்று.

வழி முழுக்கக் கற்கள் பாவிய சாலை. கால் முதலில் வலித்தது, பிறகு மரத்தது, பிறகு தன்னுடைய கால்தானா என்றே தெரியவில்லை. இருமல் வந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு வந்ததும் தொண்டை உடனே அரிக்க ஆரம்பித்தது. எச்சிலை விழுங்கி விழுங்கி வாய் உலர்ந்துவிட்டது.

வேன் நின்றது. மேற்கின் முதல் நகரமான ஹோஃபுக்கு முன்னால், எல்லையில் இருக்கும் கிழக்குச் சாவடி. நாய் ஒன்று குரைத்தது. முன்னால் நின்ற லாரிக்கு அதைக் கூட்டிப் போனார்கள் என்று வென்ட்ஸெல் பின்னால் சொன்னான்; அவளுக்கோ அது தன் காலடியில் குரைப்பது போல இருந்தது. கதவு திறந்தது. பூட்ஸ் காலோடு யாரோ வேனுக்குள் ஏறினார். ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிக்கொண்டே வந்து, அவளுடைய பெட்டியையும் தட்டினார். தட்டிய இடம் அவள் தோளுக்கு நேர்.

“இது ஏன் இவ்வளவு கனம்?” வயசான குரல், அதிகாரியின் குரல்.

“பேஸ் ஸ்பீக்கருங்க. காந்தம் கனம்.”

“வேலை செய்யுதா, இல்ல உள்ள வேற ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“மாட்டிக் காட்டட்டுமா?”

வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் வென்ட்ஸெல் அப்படிச் சொன்னான். அதிகாரி, “காட்டுங்க” என்றார். சாவடிக் கொட்டகையிலிருந்து மின்கம்பி இழுத்து வந்தார்கள். பெட்டியை வேனின் விளிம்புக்கு நகர்த்தினார்கள். ஆம்ப்ளிஃபயரின் வால்வுகள் சூடாகும்வரை எல்லோரும் காத்து நின்றார்கள். உள்ளே ஒரு மெல்லிய ரீங்காரம் எழுந்தது. ஒட்டிலிக்கு அது தெரிந்த சத்தம். அடுத்தது என்ன வரப்போகிறது என்பதும் தெரியும். காதைப் பொத்தக் கையை உயர்த்த இடம் இல்லை.

வென்ட்ஸெல் பேஸைத் தோளில் மாட்டி, ஷேன்பாக்கில் கல்யாணங்களில் ஆடும் ஒரு போல்காவின் அடிநாதத்தை வாசித்தான். பெட்டி முழுக்க உறுமியது. ஸ்பீக்கர் அவள் முகத்தை நோக்கிக் காற்றைத் தள்ளித் தள்ளி இழுத்தது. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. விலா எலும்புக்குள் யாரோ முஷ்டியால் குத்துவது போல இருந்தது. அவளுக்குத் தெரியாமலேயே உள்பாவாடை நனைந்துவிட்டது.

கனமான கம்பிக்கு அவன் இறங்கியபோது ஒரு கரகரப்பு கேட்டது. கர்ர் என்று, உள்ளே ஏதோ தளர்ந்து ஆடுவது போல. அவள் கோட்டின் கொம்புப் பொத்தான் ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்தில் பட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

“நிறுத்துங்க. அது என்ன சத்தம்?”

வென்ட்ஸெல் வாசிப்பை நிறுத்தினான்.

“பொருட்காட்சியில நாள் முழுக்க வாசிச்சதுல ஸ்பீக்கரோட காகிதம் கிழிஞ்சுபோச்சு,” என்றான். “திருப்புளி தர்றேன். திறந்து பாக்கறீங்களா?”

“இன்னொரு தடவை வாசிங்க.”

பெட்டிக்குள் ஒட்டிலி பொத்தானை விரலால் தொட்டாள். வாழ்நாள் முழுக்க அவள் செய்த வேலையே கரகரப்பைத் தேடிப் பிடித்துப் போக்குவதுதான். கை தன்னாலேயே பொத்தானைச் சட்டத்திலிருந்து விலக்கப் பார்த்தது. விலக்கினால் சத்தம் சுத்தமாகிவிடும். கிழிந்த காகிதம் ஒரு நிமிஷத்தில் எப்படி ஒட்டிக்கொண்டது என்று அந்த ஆள் கேட்பான். பேஸ் மறுபடி உறுமியது. அவள் பொத்தானைச் சட்டத்தின் மேல், தொட்டும் தொடாமலும் பிடித்துக்கொண்டாள். அழுத்தினால் கரகரப்பு நின்றுவிடும், விட்டால் கேட்காது. கர்ர், கர்ர் என்று ஒவ்வொரு அடிக்கும் அது கத்தியது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. விரலை மட்டும் அசைக்கவில்லை.

வெளியே அதிகாரி சிரித்தார். “உங்க மேற்கத்திய சரக்கு இவ்வளவுதானா? எங்க பெட்டி பத்து வருஷம் வரும்.”

“அப்படித்தான் சொல்றாங்க,” என்றான் வென்ட்ஸெல்.

“எடுத்துட்டுப் போங்க இந்தக் குப்பையை.”

வேன் நகர்ந்தது, மறுபடி நின்றது, மறுபடி நகர்ந்தது. அவளுக்கு எதுவும் நம்பிக்கை தரவில்லை. வென்ட்ஸெல் ஹோஃபைத் தாண்டி ஒரு மர ஆலையின் முற்றத்தில் நிறுத்தித் திருகாணிகளைக் கழற்றினான். கை வழுக்கியதால் கடைசி இரண்டை உடைத்தே எடுத்தான். பலகை விலகியதும் அவள் வெளியே வரவில்லை. இன்னும் சுருங்கி உள்பக்கமாக ஒட்டிக்கொண்டாள்.

“எந்தப் பக்கம்?” என்றாள்.

“நம்ம பக்கம்.”

“சத்தியமா சொல்லு.”

அவன் அவள் அக்குளில் கை கொடுத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல வெளியே இழுத்தான். கால் நிற்கவில்லை. மரத்தூள் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்து கிடந்தார்கள். அவன்தான் சத்தம் போட்டு அழுதான். அவள் சாலையைப் பார்த்தபடியே இருந்தாள், யாராவது பின்னால் வருகிறார்களா என்று.

அந்தப் பார்வை அவளை விட்டுப் போகவே இல்லை. பக்கத்து நகரமான எர்லாங்கனில் லிஃப்ட் இருக்கும் கடைக்குள் வரமாட்டாள். தூங்கும்போது அறைக் கதவு திறந்திருக்க வேண்டும்; அதனாலேயே ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளப் பின்வாங்கினான். பிறகு வந்த ரெய்ன்ஹோல்ட், தச்சன், கதவையே கழற்றி வைத்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டான். எங்கள் பட்டறைக்கு யாராவது சாம்பல் கோட்டோடு வந்தால் நான் அவளுக்கு முன்னால் போய் நின்று மறைத்துக்கொள்வேன். பெரும்பாலும் அவன் கிட்டார் வியாபாரியாக இருப்பான்.

ஆர்னோ என்ன ஆனார் என்ற கேள்வியும் அவளைத் தின்றது. அவள் தப்பியதற்காக அவருடைய பதவியைப் பறித்து மரக்கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாள். எண்பத்தொன்பதில் எல்லை திறந்து, எல்லோரும் உடனே ஓடிப் போய்ப் பார்த்து வந்தபோது அவள் போகவில்லை. இரண்டு கோடை கழித்துத்தான் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு மார்க்நொய்கிர்ஷனுக்குப் போனாள். அம்மாவின் கல்லறையில் பூ வைத்துவிட்டு, ஆர்னோவின் வீட்டு மணியை அடித்தோம். அவர் மனைவி கதவைப் பாதி திறந்தாள். ஒட்டிலி பெயரைச் சொன்னதும் அந்த அம்மாளின் முகம் மாறவில்லை.

“அவருக்கு உங்க மேல கோபம் இல்லைங்க,” என்றாள். “ஆனா பேசறதுக்கும் ஒண்ணும் இல்லைன்னு சொல்லச் சொன்னார்.”

நாங்கள் வரப்போகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, சின்ன ஊர். மாடி ஜன்னலில் திரை ஆடியது. ஒட்டிலி கையில் வைத்திருந்த கேக் பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். பிறகு அதை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பும் வழியில் ப்ளவனில் ஒருவரிடம் விசாரித்தாள். எக்கெஹார்ட் சுரங்கத்திலிருந்து சில மாதங்களில் திரும்பிவிட்டானாம். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, வருஷக்கணக்கில் கல்யாண வீடுகளில் பேஸ் வாசித்தானாம். அதைக் கேட்டதும் அவள் பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இத்தனை வருஷத்தில் ஓடுகிற வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆர்னோவின் வீட்டுக்கு ஒரு பொட்டலம் அனுப்பினாள். இஞ்சி ரொட்டி, சாமந்திப்பூத் தேநீர், ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை. பதில் வராது, திரும்பியும் வராது. ஒரு வருஷம் அந்த அம்மாளின் கையெழுத்தில் நாலு வரி வந்தது. அவர் போய்விட்டார், இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று. அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒட்டிலி காலுறையை மட்டும் பெண்கள் அளவுக்கு மாற்றிப் பின்னி, மறுபடி அனுப்பினாள். பொட்டலம் திரும்பி வரவில்லை; அந்த அம்மாள் வாங்கிக்கொண்டாள்.